இரண்டு கரடுகளுக்கு நடுவே

1

எண்பதுகளின் தொடக்கத்தில் பேரையூர்ப் பக்கம் வனவராகச் சேர்ந்தேன். முதல் வாரமே ஓர் ஓடைக்கரையில் கன்று நடும் வேலை வந்தது. கரடு என்று சொல்லும் இரண்டு சின்னக் குன்றுகளுக்கு நடுவே புஞ்சை நிலம். கரட்டையும் கரட்டையும் சேர்த்து ஓடை நெடுகப் புதர். உடைமரம், இலந்தை, கிளுவை எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. புதரை விட்டுவிட்டு, இடைவெளி உள்ள இடத்தில் மட்டும் குழி வெட்டச் சொல்லி உத்தரவு.

எனக்கோ குழிகள் நேர்வரிசையில் இருந்தால்தான் இன்ஸ்பெக்‌ஷனுக்கு அழகு. இருநூறு அடி நீளத்துக்குப் புதரை வெட்ட ஆள் விட்டேன்.

அங்கே ஆடு மேய்க்கும் பேச்சியம்மாள் வந்து நின்றார். என் வயதுதான் இருக்கும்.

"வெட்டாதீக சார். தேவாங்கு இது வழியாத்தான் அந்தக் கரட்டுக்குப் போகுது. அது குரங்காட்டம் தாவாது. கொப்புக்குக் கொப்பு பிடிச்சுத்தான் போகும்."

"கொஞ்சந்தானம்மா எடுக்கிறோம்" என்றேன். படிவத்தில் 'பயனற்ற புதர்' என்று எழுதினேன்.

2

பத்து நாள் கழித்து, செத்த தேவாங்கு ஒன்றைத் துணியில் பொதிந்து கொண்டுவந்தார் பேச்சியம்மாள். வெட்டவெளியைத் தரையில் கடக்கும்போது நாய் கடித்திருக்கிறது. அடுத்த வாரம் இன்னொன்று.

ரேஞ்சர் ஜீப்பில் வந்து இறங்கினார். "யாருய்யா இம்புட்டு மொட்டையா வெட்டுனது?"

"ஆடு மேய்க்கிறவங்க சார். தழைக்கு வெட்டிட்டாங்க" என்றேன்.

பேச்சியம்மாள் பத்தடி தள்ளி நின்றிருந்தார். "நான் வெட்டல சார்" என்று மட்டும் சொன்னார். ரேஞ்சர் அவரை நம்பவில்லை. அவர் ஆடுகள் இனி ஓடைப் பக்கம் வரக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு மாதம் அந்தப் பெண் ஆடுகளைத் தண்ணீருக்கு ஊர்க் கண்மாய் வரை ஓட்டிப் போனார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

3

பொறுக்க முடியாமல் ஒருநாள் அவரிடம் போனேன். "தப்பு என்னோடதும்மா."

"அத எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? அவருட்ட சொல்லுங்க."

எழுதிக் கொடுத்தேன். ரேஞ்சர் இரண்டு முறை படித்தார். "வேலை போயிரும்னு பயமா?"

"இல்ல சார். உங்ககிட்ட கெட்ட பேரு வாங்கக் கூடாதுன்னு."

அவர் என் முகத்தைப் பார்க்காமலே மெமோ எழுதினார். மறுநாள் ஓடைக்கு வந்து, பேச்சியம்மாளிடம் தானே மன்னிப்புக் கேட்டார். கேட்கவேண்டியவன் நான், பின்னால் நின்றேன்.

மழைக்கு முன் அந்த இருநூறு அடியிலும் கிளுவைக் கிளைகளை வெட்டிப் போத்தாக ஊன்றினோம். நடுநடுவே உடை விதை. எந்தப் போத்து பட்டுப்போனது என்று பேச்சியம்மாள்தான் வந்து சொல்வார். நான் மாற்றி ஊன்றுவேன். நாலாவது வருட மழைக்குக் கொப்புகள் கூடின.

ஒருநாள் காலை அவர் கூப்பிட்டுக் காட்டினார். புதிதாகக் கூடிய இடத்தில், உருண்டையாகச் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது ஒரு தேவாங்கு.

"வந்துருச்சு பாத்தீகளா" என்று சிரித்தார். என்னால் அவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை.

இன்று இந்த வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒரு புதரைப் பயனற்றது என்று எழுதும் முன், தினமும் அந்த வழியில் நடப்பவரைக் கேளுங்கள். பேச்சியம்மாள் நான் கேட்காமலே எனக்குச் சொன்னார். தெரிந்துதான் வெட்டினேன்.