பார்த்தசாரதியின் மீன்களுக்கு மூச்சுத் திணறல்

கோவில்பதாகையில் மீன் வளர்க்கும் பார்த்தசாரதி மீன் சாப்பிட்டதில்லை. முட்டைகூடச் சாப்பிட்டதில்லை. யாராவது கேக் நீட்டினால் டப்பாவைத் திருப்பி, பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். இப்படிப்பட்டவர் வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்த் தொட்டி கட்டி ஜிலேபி மீன் வளர்க்கிறார் என்றால் தெருவில் சிரிக்கத்தான் செய்வார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுப் போவார்.

ஆவடியில் ராணுவ வண்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். எஞ்சினுக்கு ஏர் ஃபில்டர் மாட்டுகிற பிரிவு. ஓய்வு பெற்ற மறுநாளே, வீட்டில் தனக்கு ஒரு வேலையும் இல்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. மனைவி ஜெகதாம்பாள் துடைப்பத்தோடு வந்து, “கொஞ்சம் காலைத் தூக்குங்க” என்றாள். முகப்பேர் ஃப்ளாட்டிலிருந்து மகன் ஸ்ரீராம் போன் செய்து, “வாக்கிங் போங்கப்பா” என்றான். போனார். திரும்பி வந்தார். மறுபடியும் காலைத் தூக்கினார்.

மீன் யோசனை பக்கத்து வீட்டு மதுரைவீரனுடையது. ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். “அண்ணாத்தே, பின்னாடி எடம் சும்மாத்தான கீது? மீன் உடு. நீ வளர்த்துகினு இரு, நான் துன்னுகினு இருக்கேன்” என்றான். பார்த்தசாரதிக்கு அது நியாயமான பங்கீடாகத்தான் பட்டது.

வீட்டில் அனுமதி வாங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. கவுச்சி வாசலைத் தாண்டக் கூடாது என்பது அவருடைய தாயார் போட்ட சட்டம். தாயார் போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. கூடத்துச் சுவரில் மாலையோடு படமாக இருந்து சட்டத்தைக் காத்துவந்தார். ஜெகதாம்பாள் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “நாத்தம் ஊட்டுக்குள்ள வந்துச்சுன்னா அன்னைக்கே தொட்டியப் பிரிச்சுடணும்” என்றாள். அவர் ஒப்புக்கொண்டார். தொட்டிக்கு என்று தனி லுங்கி. பின்பக்கக் குழாயில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். அவர் தீவன வாளியை எடுத்ததுமே அவள் பின்கதவைச் சாத்திவிடுவாள். ஒருநாளும் தொட்டிப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அருவருப்பு, பாவம், என்று அவர் நினைத்துக்கொண்டார்.

தொட்டி அவரைப் புது மனிதராக்கியது. கரையில் அவர் நிழல் விழுந்தால் போதும், மீன்கள் கூட்டமாக எதிரே வந்துவிடும். முப்பத்தைந்து வருடம் உழைத்த தொழிற்சாலையில்கூட அவரை அப்படி யாரும் வரவேற்றதில்லை. சந்தோஷத்தில், தொட்டி கொஞ்சம் காலியாகத் தெரிகிறது என்று இன்னொரு பை குஞ்சு வாங்கி விட்டார். பந்தியில் இடம் இருக்கும்போது விருந்தாளியைத் திருப்பி அனுப்புகிற வழக்கம் அவர் குடும்பத்தில் இல்லை.

ஆடி பிறந்த சமயத்தில் மீன்கள் எந்நேரமும் மேலேயே இருக்க ஆரம்பித்தன. வாயைத் திறந்து திறந்து மூடின. பார்த்தசாரதி அதுவரை மீனைப் பார்த்ததெல்லாம் கோயில் குளங்களில்தான். அங்கே மீன் வாயைத் திறந்தால் பொரி போட வேண்டும். அது சின்னக் குழந்தைக்கும் தெரியும். தீவனத்தைக் கூட்டிப் போட்டார். அது போதவில்லை என்று பொரி வாங்கி வந்து தூவினார். வாய்கள் மூடவில்லை. பொரி ஊறி மிதந்தது. இன்னும் கொஞ்சம் போட்டார்.

பிறகு மீன்கள் சாக ஆரம்பித்தன. முதலில் செத்ததைத் துண்டில் சுற்றி முருங்கை மரத்தடியில் புதைத்து, தலைக்குக் குளித்தார். அடுத்தடுத்துச் சாகவே, துண்டு கட்டுப்படியாகாமல் வெறும் கையால் புதைத்தார். காற்று திசை மாறிய ஒரு காலையில் பின்கதவு திறந்தது.

“நாத்தம் கூடம் வரைக்கும் வருது” என்றாள் ஜெகதாம்பாள். அவர் முகத்தைப் பார்த்தாளோ என்னவோ, “ஞாயித்துக்கெழம வரைக்கும் பாக்கறேன். அப்பறம் பிரிச்சுடணும்” என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

தொட்டி போனால் மறுபடியும் கூடம், துடைப்பம், காலைத் தூக்குவது. பார்த்தசாரதி உடனே பூந்தமல்லிக்குப் போன் போட்டார். அங்கே மீன் தீவனக் கடை வைத்திருக்கும் முகமது ஆசிக் மீன்வளம் படித்தவர்.

“சார், செவுள் என்ன கலர்ல இருக்கு?”

“செவுள்னா?”

ஆசிக் வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தார்.

“சார், மீன் வாங்கும்போது ஃப்ரெஷ்ஷான்னு தூக்கிப் பாப்பாங்கள்ல, தலைக்குப் பக்கத்துல மூடி மாதிரி...”

“நாங்க சைவம், தம்பி.”

“சரிங்க சார்” என்றார் ஆசிக், மரியாதையாக. “அந்த மூடியைத் தூக்கி ஒரு போட்டோ அனுப்புங்க.”

மதுரைவீரன் சவாரி போயிருந்தான். பார்த்தசாரதியே வலையை விட்டு ஒரு மீனைப் பிடித்தார். உயிரோடு இருக்கிற ஒன்றின் முகத்துக்குள் விரலை விடுவது எப்படி? “மன்னிச்சுக்கோ” என்று அதனிடமே சொல்லிவிட்டு முயன்றார். மீன் வழுக்கிக்கொண்டு தொட்டியில் விழுந்தது. இன்னொன்றைப் பிடித்தார். அது தரையில் விழுந்து துள்ளியது. குனிந்து துரத்தினார்.

“தள்ளுங்க” என்று ஒரு குரல் கேட்டது.

ஜெகதாம்பாள் புடவையைத் தூக்கிச் செருகியபடி வந்து நின்றாள். தரையில் கிடந்ததை இடது கையால் ஒரே பிடியாகத் தலையோடு பிடித்து, வலது கைக் கட்டை விரலால் மூடியை நெம்பித் தூக்கினாள். கொத்தமல்லிக் கட்டைப் பிரித்துப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை.

“வெளுத்துப் போய் கீது. வீங்கி, கொழகொழன்னு சளி வேற. சிவப்பா இருந்தாத்தான் நல்ல மீனு. சீக்கிரம் போட்டோ புடிங்க, இதுக்கு மூச்சு முட்டுது.”

அவர் பிடித்தார். பிடித்ததில் பாதி அவள் கட்டை விரல்தான் இருந்தது.

ஆசிக் உடனே கூப்பிட்டார். பாக்டீரியாவால் வருகிற செவுள் நோயாகத்தான் தெரிகிறது என்றார். மீன் அதிகம், தீவனம் அதிகம், தண்ணீர் கெட்டுவிட்டது. செவுளில் சளி அடைத்துக் காற்று கிடைக்காமல்தான் மேலே வந்து வாயைத் திறக்கிறதே தவிர, பசியினால் இல்லை என்றார். பார்த்தசாரதிக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அடைத்துக்கொண்ட ஃபில்டரைக் கழற்றாமல் எஞ்சினுக்கு மேலும் மேலும் டீசல் ஊற்றியிருக்கிறார். வாழ்நாள் முழுக்க ஃபில்டர் மாட்டிய ஆள்.

தீவனத்தை நிறுத்தினார். அடியில் படிந்த கசடை உறிஞ்சி எடுத்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, ஆசிக் சொன்ன அளவுக்குக் கல்லுப்புக் கரைத்து, இன்னொரு காற்று மோட்டாரையும் மாட்டினார். சாயங்காலம் மதுரைவீரன் வந்து பாதி மீனைத் தன் வீட்டுச் சிமெண்ட் தொட்டிக்கு மாற்றினான். ஜெகதாம்பாள் வாளி பிடித்தாள். எல்லாம் முடிந்து குழாயடியில் கை கழுவும்போதுதான் அவர் கேட்டார்.

“செவுள் பாக்க ஒனக்கு எப்டித் தெரியும்?”

“எண்ணூர்ல எங்க ஊட்டுக்கு மீன் வாங்கப் போறது நான்தான. மறந்துட்டீங்களா?”

மறந்துதான் போயிருந்தார். பெண் பார்த்த அன்று தாயார் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்: இங்கே வந்தால் கவுச்சியை விட்டுவிட வேண்டும். பெண் தலையாட்டினாள். பேச்சு அதோடு முடிந்தது. அப்புறம் யாரும் அவளிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

“பின்ன ஏன் தொட்டிப் பக்கமே வரல? கதவ வேற சாத்திக்குவியே. புடிக்கலைன்னு நெனச்சேன்.”

“வாசன வந்தா ஆச வந்துடும்” என்றாள் அவள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு உலை வைக்கப் போனாள்.

பார்த்தசாரதிக்கு வெட்கமாக இருந்தது. கையை மறுபடியும் ஒருமுறை கழுவினார்.

இன்னும் சில மீன்கள் செத்தன. மற்றவை கீழே இறங்கின. ஞாயிற்றுக்கிழமை வந்தது. தொட்டியைப் பிரிக்கும் பேச்சை அவள் எடுக்கவில்லை.

தை மாதத்தில் மீன் பிடித்தபோது பார்த்தசாரதி முதல் மீனைத் தானே எடுத்தார். கட்டை விரலால் மூடியைத் தூக்கினார். நல்ல சிவப்பு. லுங்கியைக்கூட மாற்றாமல் அடுக்களை வரை கொண்டுபோய் அவளிடம் நீட்டினார். அவள் மீனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“கொழம்பு வைக்க சட்டி கெடையாது.”

பூந்தமல்லிக்குப் பஸ் ஏறி, அகலமான மண்சட்டி ஒன்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

மறுநாள் மதியம் வீடு முழுக்கப் புளியும் மீனும் மணந்தது. அவருக்குக் குமட்டத்தான் செய்தது, வெளியே சொல்லவில்லை. ஜெகதாம்பாள் கூடத்தில் தட்டோடு உட்கார்ந்தாள். எதிரே அவருக்குத் தயிர்சாதம். அவள் சோற்றில் கை வைக்கப் போகும்போது பார்த்தசாரதி எழுந்தார். ஸ்டூலைப் போட்டு ஏறி, தாயார் படத்தை மாலையோடு சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு இறங்கினார்.

ஜெகதாம்பாள் முள்ளை நீக்கி ஒரு வாய் சாப்பிட்டாள். கண்ணை மூடி, மெதுவாக மென்று விழுங்கினாள். பிறகு நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள்.

“அத நேரா வைங்க” என்றாள். “அத்தையும் பாக்கட்டும்.”