தனபாலண்ணன் ஃபோனில் நான் வைத்த ஆறு பட்டன்

1. முப்பது ஃபோன் வந்த நாள்

மேனேஜர் என் மேஜைமேல் ஒரு அட்டைப்பெட்டியை வைத்துவிட்டு, "லீலா, இன்னையிலருந்து டிரைவருங்க எல்லாம் நம்ம கண்ணு முன்னாடியே இருப்பாங்க" என்றார். உள்ளே முப்பது ஸ்மார்ட்ஃபோன் இருந்தது. வண்டிக்கு வண்டி ஜி.பி.எஸ். பெட்டி மாட்டுவதற்குப் பதிலாக, டிரைவருக்கு ஆளுக்கொரு ஃபோன் கொடுத்து அதில் டிராக்கிங் ஆப் போட்டுவிடலாம் என்று முதலாளிக்கு யாரோ யோசனை சொல்லியிருந்தார்கள். டிரைவர் போகிற இடமெல்லாம் ஆபீஸ் மானிட்டரில் ஒரு பச்சைப் புள்ளி கூடவே போகும்.

திருவொற்றியூரில் இருந்த அந்த டிரெய்லர் கம்பெனியில் நான் ஆபரேஷன்ஸ் டெஸ்க்கில் பதினேழு வருஷம் உட்கார்ந்தேன். எந்த வண்டி எந்தக் கன்டெய்னரை ஏற்ற வேண்டும், எது மணலி யார்டில் நிற்கிறது, எது துறைமுக கேட்டில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. பெருமையாகச் சொல்லிக்கொள்ள நாலு சம்பவம் என்னிடமும் உண்டு. அவற்றை எழுத எனக்கு மனசு வரவில்லை. இப்போது டெஸ்க்கில் உட்காருகிறவர்களுக்கு இந்த ஒன்று தெரிந்தால் போதும்.

ஃபோன்களைத் தயார் செய்யும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. சிம் போட்டு, ஆப் ஏற்றி, பாஷையைத் தமிழுக்கு மாற்றி, எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுக்க வேண்டும். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் டிரைவர்கள் ஆளாளுக்கு ஒன்று கேட்டார்கள், எனக்கும் அதில் ஒரு ஆசை வந்துவிட்டது. ஒருத்தர் ஸ்கிரீனில் அங்காளம்மன் படம் கேட்டார். இன்னொருத்தர் தன் வண்டியையே படமெடுத்து வைக்கச் சொன்னார். கேட்டால், பெண்டாட்டி முகத்தை விட அதைத்தான் அதிக நேரம் பார்க்கிறாராம். ஆபீஸ் நம்பருக்கு ஒரு ரிங்டோன், வீட்டு நம்பருக்கு வேறொன்று என்று முப்பது ஃபோனிலும் மாற்றி வைத்தேன். ஆபீஸ் ரிங்டோனுக்கு அவர்கள் வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.

2. ஆறு பட்டன்

தொல்லை கொடுத்தது மேலிருந்து இழுக்கிற பேனல்தான். விரலால் ஒரு தடவை இழுத்தால் பாதிப் பட்டன் வரும், மறுபடி இழுத்தால் மொத்தமும் வரும். கிரீஸ் கையோடு இழுத்து எதையாவது அமுக்கிவிடுவார்கள். ஒருத்தர் விமானப் படத்தை அமுக்கிவிட்டு அரை நாள் யாருடைய ஃபோனுக்கும் கிடைக்காமல் போனார். மேனேஜர் அவரை ஒருமையில் திட்டித் தீர்த்தார். அவர் நேராக என்னிடம் வந்து, "இன்னா யக்கா, லாரி ஓட்றவனுக்கு ஏரோப்ளேன் இன்னாத்துக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பேனலில் ஒரு பென்சில் படம் இருக்கும். அதைத் தொட்டால் வேண்டாத பட்டனை எடுத்துவிடலாம், வேண்டியதை முன்னால் நகர்த்தலாம். எல்லார் ஃபோனிலும் ஏரோப்ளேனையும் லொகேஷனையும் தூக்கினேன்.

ஃபோன் வாங்கியவர்களில் தனபாலண்ணன் கடைசி. எர்ணாவூர்க்காரர், ஐம்பத்து நாலு வயது, முப்பது வருஷமாக டிரெய்லர் ஓட்டுகிறவர். அவர் வண்டியில் ஒரு கீறல் விழுந்து நான் பார்த்ததில்லை. அவர் முறை வரும்போது முப்பது புது ஃபோனும் தீர்ந்துவிட்டது. சூப்பர்வைசர் ஒருவர் பழசாக்கித் திருப்பிக் கொடுத்த ஃபோனை அவர் கையில் கொடுத்தோம். அதன் பேட்டரி மத்தியானத்தைத் தாண்டாது.

இங்கே வேலை செய்தவர்களுக்குத் தெரியும், துறைமுக கேட்டுக்கு முன்னால் வண்டிகள் எவ்வளவு நேரம் நிற்கும் என்று. நாலு மணி நேரம், ஆறு மணி நேரம் என்று வரிசையில் பத்தடி நகர்ந்து, நின்று, மறுபடி பத்தடி நகர வேண்டும். அண்ணன் வண்டியில் சார்ஜர் சாக்கெட்டும் வேலை செய்யவில்லை. சாக்கெட்டைச் சரிபார்க்கச் சொல்லியோ வேறு ஃபோன் கொடுக்கச் சொல்லியோ மேனேஜரிடம் இரண்டு தடவை கேட்டேன். ஃபோனில் சினிமா பார்க்கிறான்கள், அதனால்தான் சார்ஜ் இறங்குகிறது என்று சொல்லி முடித்துவிட்டார். தனபாலண்ணனுக்கு யூட்யூபைத் திறக்கவே தெரியாது.

அதனால் நானே ஒரு வழி செய்தேன். அவர் பேனலில் ஆறே ஆறு பட்டன் வைத்தேன். டார்ச், சவுண்டு, டேட்டா, வைஃபை, ஸ்கிரீன் திருப்புவது, கடைசியாகப் பேட்டரி சேமிப்பான். எழுத்தைப் பெரிதாக்கியதில் அந்தப் பெயர் பாதியில் வெட்டுப்பட்டு நின்றது. அதனால் படத்தை வைத்தே சொல்லிக்கொடுத்தேன். வரிசையில் போய் நின்றதும் இந்தப் பேட்டரிப் படத்தை அமுக்குங்கள், கேட் வந்ததும் மறுபடி அமுக்கி அணைத்துவிடுங்கள், சார்ஜ் நிற்கும் என்றேன். அவர் என் எதிரிலேயே நாலு தடவை போட்டு அணைத்துப் பார்த்துக்கொண்டார். மறுநாள் சாயங்காலம் வந்து, சார்ஜ் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது என்று காட்டிவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். எனக்கும் கர்வமாகத்தான் இருந்தது.

3. காணாமல் போன புள்ளி

பத்து நாள் கழித்து மேனேஜர் முதல் தடவையாக உட்கார்ந்து பழைய ரூட்டுகளைப் பார்த்தார். தனபாலண்ணன் வண்டியில் முந்தின நாள் டீசல் கணக்கை விட அதிகம் குறைந்திருந்தது, அதனால்தான் பார்த்தார். காலை ஒன்பது மணிக்கு எர்ணாவூர் தாண்டி, வரிசை தொடங்குகிற இடத்தில் அண்ணனுடைய புள்ளி நின்றுவிட்டது. மறுபடி அது வந்தது மத்தியானம் ஒன்றரைக்கு, துறைமுக கேட் பக்கத்தில். நடுவில் நாலரை மணி நேரம் பதிவே இல்லை. மானிட்டரில் புள்ளி ஓரிடத்தில் நின்றதை, வண்டி வரிசையில் நிற்கிறது என்று நானும் விட்டிருந்தேன். ஆனால் அந்த நேரத்தில் ஆபீஸிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டபோது எடுத்துப் பேசியிருக்கிறார். ஃபோன் அணையவில்லை. அப்படியென்றால் வேண்டுமென்றே லொகேஷனை நிறுத்திவிட்டு, வண்டியை எங்கேயோ ஒதுக்கி டீசலை இறக்கி விற்றிருக்கிறார் என்று மேனேஜர் முடிவு கட்டிவிட்டார். நாலரை மணி நேரம் வரிசையில் இன்ஜின் ஓடிக்கொண்டே நகர்ந்தால் டீசல் குறையாமல் என்ன செய்யும்? வரிசையில் இருந்த மற்ற டிரைவர்களைக் கேட்கலாமே என்றேன். அவனுக்கு இவன் சாட்சி, இவனுக்கு அவன் சாட்சி என்றார்.

மறுநாள் பதினோரு மணிக்கு விசாரணை என்று சொல்லிவிட்டார்கள். விசாரணை அன்று காலையில்தான் எனக்கு அந்தப் பேட்டரிப் பட்டன்மேல் சந்தேகம் வந்தது. சரிபார்ப்பதற்காக என் ஃபோனிலும் அந்த டிராக்கிங் ஆப் இருந்தது. பேட்டரி சேமிப்பானைப் போட்டு, ஸ்கிரீனை அணைத்துப் பையில் வைத்துக்கொண்டு, தேரடியிலிருந்து ஆபீஸ் வரைக்கும் நடந்தே போனேன். போய் மானிட்டரைப் பார்த்தேன். என் புள்ளி தேரடியிலேயே நின்றிருந்தது.

புரிந்துவிட்டது. சார்ஜைக் காப்பாற்றுவதற்காக அந்தப் பட்டன் பின்னால் ஓடுகிற ஆப்புகளைத் தூங்க வைத்துவிடுகிறது. ஆப் தூங்கினால் புள்ளியும் நின்றுவிடும். நான் சொன்னதைச் சொன்னபடி, வரிசையில் போட்டு கேட்டில் அணைத்ததுதான் அந்த மனுஷன் செய்த குற்றம். மணி அப்போது ஒன்பதே முக்கால். மேனேஜரிடம் போய்ச் சொல்ல எனக்கு ஒன்றேகால் மணி நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை. அந்த மாசம்தான் என் கான்ட்ராக்டைப் புதுப்பிக்க வேண்டும். பேப்பர் மேனேஜர் மேஜையில் இருந்தது.

4. விசாரணை

அறையில் முதலாளியும் மேனேஜரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு ஓரத்தில் நான் ரிஜிஸ்டரோடு இருந்தேன். தனபாலண்ணன் நின்றார். உட்காரச் சொல்லக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

லொகேஷனை ஏன் அணைத்தாய் என்று மேனேஜர் கேட்டார். "லொகேஷன நான் தொடல சார். லைன்லதான் நின்னுகினு இருந்தேன்" என்றார் அண்ணன். அதையே நாலு விதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். அவரும் அதையேதான் சொன்னார். அவர் சொன்னது சத்தியம், லொகேஷன் பட்டனே அவர் பேனலில் கிடையாது. பேட்டரிப் படத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அதை அமுக்கினால் இப்படி ஆகும் என்று அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "லீலா, அந்த ஃபோன்ல ஏதாவது ப்ராப்ளம் இருக்கா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ரிஜிஸ்டரைப் பார்த்தேன்.

"ஃபோன் நல்லாத்தான் இருக்கு சார்" என்றேன்.

வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? நாலு வார்த்தை கூடச் சொல்லியிருக்கலாம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அன்று அந்த இரண்டு இடமும் ஒரே அறைக்குள் இருந்தது. அன்று மத்தியானமே அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

அதோடு முடிந்திருந்தால்கூட வேறு யார்டில் வண்டி ஏறியிருப்பார். இந்தப் பக்கம் டிரெய்லர் வைத்திருக்கிற கம்பெனிகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. ஆகாத டிரைவர்களின் லைசென்ஸ் படத்தை அதில் போடுவார்கள். போட்டுவிட்டால் எர்ணாவூரிலிருந்து ராயபுரம் வரை ஒருத்தனும் சாவி கொடுக்க மாட்டான். 'டீசல் கேஸ், எடுக்க வேண்டாம்' என்று எழுதிப் படத்தைப் போடும்படி மேனேஜர் என்னிடம் சொன்னார். போட்டது என் கை. இரண்டு நிமிஷத்தில் இருபது கட்டைவிரல் வந்து விழுந்தது.

5. மூன்று வாரம் தாமதம்

என் கான்ட்ராக்டைப் புதுப்பித்துக் கையெழுத்துப் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் எனக்கு தைரியம் வந்தது. என்ன தைரியம் அது என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது. இரண்டு ஃபோனை எடுத்துப்போய் மேனேஜர் மேஜையில் வைத்து, பட்டனைப் போட்டும் அணைத்தும் காட்டினேன். நான்தான் தனபாலண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்தேன் என்றும் சொன்னேன்.

மேனேஜர் முழுசாகக் கேட்டார். நான் சொன்னதை நம்பினார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. "முதலாளிகிட்ட போய் நான் தப்பு பண்ணிட்டேன்னு சொல்லணுமா? விடு லீலா. குரூப்ல போட்டதும் நீதானே?" என்றார். பிறகு, டிரைவர்கள் யாரும் எந்தப் பட்டனையும் தொட முடியாதபடி எல்லா ஃபோனையும் பூட்டச் சொன்னார். அதற்கென்றே ஒரு ஆப் இருக்கிறது. இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் பூட்டினேன். மேல் பேனல் வராது, ஸ்கிரீன் படம் மாறாது, ரிங்டோன் எல்லாருக்கும் ஒன்றே. அங்காளம்மன் போய்க் கம்பெனி பெயர் வந்தது. இருட்டில் கன்டெய்னர் லாக் விழுந்திருக்கிறதா என்று பார்க்க டார்ச்சாவது கொடுக்கக் கூடாதா என்று ஒரு டிரைவர் கேட்டார். அவர் ஃபோனையும் பூட்டிக் கொடுத்தேன்.

குரூப்பில் நான் போட்டதை நானே அழிக்கப் பார்த்தேன். நாள் கடந்துவிட்டதால் என் ஃபோனிலிருந்து மட்டும்தான் அழிந்தது. மேனேஜரைக் கேட்காமல் அதே குரூப்பில், அந்த டிரைவர்மேல் தப்பில்லை என்று ஒரு வரி போட்டேன். அதற்கு ஒரு கட்டைவிரல்கூட வரவில்லை.

6. கொடுங்கையூர்

தனபாலண்ணன் கொடுங்கையூரில் குப்பை லாரியில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு ஒரு மத்தியானம் போனேன். டிரைவராக இருப்பார் என்று நினைத்தேன். லோடுமேனாக இருந்தார். முப்பது வருஷம் நாற்பதடி டிரெய்லரைப் பின்னால் எடுத்து நிறுத்திய ஆள், லாரிக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் இறங்கி, ஒரு குடத்தில் கை கழுவிவிட்டு வந்தார். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பட்டன், என் ஃபோனில் சோதித்தது, விசாரணையில் தெரிந்தே பொய் சொன்னது, குரூப்பில் போட்டது வரை சொன்னேன். முடித்ததும், "தெரியும் தங்கச்சி" என்றார்.

"விசாரணைக்கு வர்றதுக்கு மின்னாடி நாளே என் பொண்ணு படிச்சி சொல்லிச்சி. அத்த அமுக்குனா பின்னாடி ஓடுற ஆப்புலாம் நின்னுடும்னு அந்த ஃபோன்லயே போட்டு கீதாம்."

பிறகு ஏன் அண்ணா அங்கே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நான் சொன்னா உன்ன மாட்டிவுட்ட மாரி ஆயிடும். நீ கூலி நாலிக்குப் போற பொம்பள. நீயா சொல்லுவன்னு நின்னுகினு இருந்தேன்."

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம்கூட இல்லை. லாரி டிரைவர் ஹாரன் அடித்தார். இவர் ஓடிப்போய்ப் பின்னால் ஏறிக்கொண்டார். ஒரு வருஷம் கழித்து நான் வேலையை விட்டேன். அதை அவருக்காக விட்டதாகச் சொன்னால் அதுவும் பொய். முட்டிவலி.

டெஸ்க்கில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். அடுத்தவர் ஃபோனில் ஒரு பட்டனை வைத்துக் கொடுக்கும் முன் அதை உங்கள் ஃபோனில் போட்டு ஒரு நாள் முழுக்க வேலை செய்து பாருங்கள். அதில் தவறிவிட்டால்கூடப் பெரிய பாவமில்லை, நானும் நல்லதை நினைத்துத்தான் செய்தேன். ஆனால் விசாரணையில் உங்களைப் பார்த்து ஒரு கேள்வி வரும்போது, எதிரே நிற்கிற ஆள் ஏன் பேசாமல் நிற்கிறார் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். அவர் உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கலாம்.