தாண் கோத்திரத்து வீட்டில் எங்கள் அக்கா

எங்கள் அக்கா கர்த்தருக்குள் கண்மூடி இந்த மாதத்தோடு ஒரு வருடம் நிறைகிறது. நினைவு மலர் ஒன்று போட வேண்டும் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அக்கா பெற்ற பிள்ளை உயிரோடு இல்லாததால் தம்பியாகிய நான் எழுதுகிறேன். எனக்கு எழுத்து வராது. நான் லாரிப் பட்டறை வைத்திருப்பவன். "நல்லத மட்டும் எழுதுடே, நாலு பேரு வாசிப்பாவ" என்று பெரியவர்கள் சொல்லி அனுப்பினார்கள். நல்லதையும் எழுதியிருக்கிறேன், நடந்ததையும் எழுதியிருக்கிறேன். வருத்தப்படுகிறவர்கள் மடித்து வைத்துவிடலாம்.

அக்கா திசையன்விளைக்குத் தெற்கே ஒரு சின்னச் சபையில் பிறந்தார்கள். அப்பா அங்கே உபதேசியார். கோயிலைத் திறப்பது, ஜெபம் நடத்துவது, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது எல்லாம் அவர் வேலை. சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றல் வரும். புது ஊர், புது வீடு, அதே கஞ்சி. நான் பிறந்த சில மாதங்களில் அம்மா காய்ச்சலில் போய்விட்டார்கள். அன்றிலிருந்து என்னைத் தூக்கிச் சுமந்தது அக்காதான். பள்ளிக்கூடத்துக்கும் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே போவார்களாம். நான் அழுதால் வாத்தியார் இரண்டு பேரையும் சேர்த்து வெளியே அனுப்புவாராம்.

அப்படிப் படித்துத்தான் பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கி ஆசிரியப் பயிற்சி முடித்தார்கள். கடைசிவரை மூன்றாம் வகுப்பு டீச்சர். தலைமையாசிரியர் பதவி தேடி வந்தபோது, "அங்க உக்காந்தா பிள்ளைய மொகம் தெரியாது" என்று சொல்லி வேண்டாம் என்றார்கள். பள்ளிக்கு வராத பிள்ளையின் வீட்டுக்குச் சாயங்காலம் தானே நடந்து போவார்கள். வாசலில் நின்று திட்டுவார்கள். திட்டி முடித்துவிட்டு அந்தப் பிள்ளைக்குப் பேன் பார்த்துத் தலை சீவி விட்டுவிட்டு வருவார்கள். அக்காவுக்குப் பாட்டு வராது, ஆனாலும் கோயிலில் சத்தமாகப் பாடுவார்கள். அக்கா சுட்ட முறுக்கு பல்லைப் பதம் பார்க்கும். செத்துப் போனதால் அதை நல்ல முறுக்கு என்று நான் எழுத மாட்டேன்.

அத்தான் அரசு அலுவலகத்தில் எழுத்தர். அமைதியான மனிதர். ஒரே பிள்ளை செல்வின். அவன் பத்தாம் வகுப்பு படிக்கும்போது அத்தான் மாரடைப்பில் போய்விட்டார். அதன்பிறகு அக்காவுக்குச் செல்வின்தான் உலகம். கல்லூரிக்குப் போனதும் அவன் கோயிலுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டான். சபையில் முழு அங்கமாகச் சேர்க்கிற திடப்படுத்தலும் எடுக்க மாட்டேன் என்றுவிட்டான். அதற்காக ஞாயிறுதோறும் வீட்டில் சண்டை. சண்டை முடிந்ததும் அக்காவே அவனுக்குத் தோசை சுடுவார்கள்.

இனிமேல் எழுதப் போவதற்காகத்தான் நான் பேனாவை எடுத்தேன்.

எங்கள் தெருவில் பெண்கள் ஜெபக்குழு ஒன்று உண்டு. பன்னிரண்டு வீடு. புத்தாண்டு அன்று மத்தியானம் கூடி, தகர டப்பாவுக்குள் கைவிட்டு ஆளுக்கு ஒரு வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். அந்த வருடம் முழுவதும் அந்த வசனம் அந்த வீட்டுக்கு. நம் எல்லார் வீட்டிலும் உள்ள பழக்கம்தான். ஒரு வருடம் குழுவின் மூத்த அம்மாளுக்குப் புதிதாக ஒன்று தோன்றியது. அந்த அம்மாளின் பெயரைப் போட மாட்டேன், அவர்களும் இந்த மலரை வாங்குவார்கள். வீடும் பன்னிரண்டு, இஸ்ரவேல் கோத்திரமும் பன்னிரண்டு. ஆகவே வீட்டுக்கு ஒரு கோத்திரம் என்று சீட்டில் எழுதி டப்பாவில் போட்டார்கள். அந்தக் கோத்திரங்களின் தகப்பன் யாக்கோபு சாகும்போது தன் பன்னிரண்டு பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் என்ன சொன்னாரோ அதுதான் அந்த வீட்டுக்கு அந்த வருடத்து வார்த்தை.

அக்காவுக்கு விழுந்தது தாண். யாக்கோபு தாணை வழியில் கிடக்கிற பாம்புக்கு ஒப்பிட்டிருக்கிறார். பெண்கள் சிரித்தார்கள்.

"டீச்சர் வீடு பாம்பு வீடு! செல்வினு, வாசல்ல பாத்து மிதிடே."

அக்காவைக் கூட்டிப்போக வந்திருந்த செல்வின், "நாளைலேருந்து எங்கம்மாவ மகுடி ஊதித்தான் எழுப்பணும் பெரியம்மா" என்றான். அக்காவும் சிரித்தார்கள். அவ்வளவுதான் அன்று.

அந்த வருடம் மழைக்காலத்தில் செல்வின் ஆற்றில் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை. அக்கா ஆராதனையில் இருந்தார்கள். அவன் கூட்டாளிகளோடு குளிக்கப் போயிருந்தான். மேலே அணையைத் திறந்து தாமிரபரணியில் தண்ணீர் கூடிவிட்டது. கூடப் போனவர்கள் கரையேறி விட்டார்கள். அவனை மறுநாள் கீழே வெகுதூரத்தில் எடுத்தோம். தூக்கியவர்களில் நானும் ஒருவன். அதைப் பற்றி எழுத மாட்டேன்.

அடுத்த மாதமே சபையில் தீர்க்கதரிசனக் கூட்டம். இரண்டாயிரம் பிறக்கப் போகிறது, உலகம் முடியப் போகிறது என்று ஊருக்கு ஊர் இந்தக் கூட்டம் நடந்த காலம் அது. வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் பெரிய துணிப் படம் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, கோலால் தட்டித் தட்டி விளக்கினார். வேதத்தின் கடைசி ஆகமத்தில், அழிவு வரும்போது காக்கப்படுவதற்காக தேவன் நெற்றியில் முத்திரை போட்ட கோத்திரங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். பிறகு சபையைப் பார்த்து, "இதுல யாரு இல்ல? யோசிச்சுச் சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டார்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "தாண்."

சொல்லி முடிப்பதற்குள் எல்லாத் தலையும் அக்கா பக்கம் திரும்பியது. பிரசங்கியாருக்கு ஒன்றும் தெரியாது. சரியான பதில் கிடைத்த சந்தோஷத்தில் அவர் மேலே போனார். தாண் விக்கிரகத்துக்குப் பின்னால் போனவன், கடைசிக் காலத்தில் கிறிஸ்துவுக்கு எதிராக எழும்பும் அந்திக்கிறிஸ்து அந்த வம்சத்தில்தான் வருவான், அதனால் அந்தப் பெயர் அறுப்புண்டு போனது என்றார். அக்கா பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

இந்த இடத்தில் நான் ஒன்று கேட்கிறேன். அதே பிரசங்கியார் அதே மேடையில் என்ன சொன்னார்? இந்தக் கோத்திரங்கள் எல்லாம் மாம்சத்தின்படி, அதாவது பிறப்பால், யூதர்கள், சபைக்கும் இந்த எண்ணிக்கைக்கும் சம்பந்தம் இல்லை என்றார். அவர் சொன்னபடியே வைத்துக்கொண்டாலும், பாளையங்கோட்டையில் மூன்றாம் வகுப்பு எடுக்கிற ஒரு விதவை வீட்டுக்கும் தாணுக்கும் என்ன உறவு? தகர டப்பாவில் நீங்கள் போட்ட சீட்டுதானே உறவு! வேறென்ன?

கூட்டம் முடிந்ததும் மூத்த அம்மாள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள்: "மனசத் தேத்திக்கிடுங்க டீச்சர். ஆண்டவர் வருசப் பொறப்புலயே சீட்டுல காட்டிட்டாருல்லா. நமக்குத்தான் வெளங்கல."

கோயிலுக்கு வராத செல்வின் மீட்கப்பட்டவர்கள் கணக்கில் இல்லை என்பதை ஆறுதலாகத்தான் சொன்னார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த புத்தாண்டு துக்க வீடு என்று அக்கா சீட்டெடுக்கப் போகவில்லை. யாரும் சீட்டைக் கொண்டுவரவும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அக்காவே கேட்டார்கள்.

"தாண் சீட்ட எடுத்துட்டு மனாசே போட்டிருக்காவ டீச்சர். கடைசி ஆகமத்துல உள்ளபடி."

"அப்ப எனக்கு?"

"பன்னெண்டு வீடு சரியாப் போச்சு டீச்சர். கீழத்தெருவுலேருந்து ஒரு குடும்பம் புதுசா சேந்திருக்காவ."

நான் மூத்த அம்மாள் வீட்டு வாசலில் போய் நின்று கத்தினேன். "ஒரு சீட்ட வச்சி ஒரு பயல நரகத்துக்கு அனுப்பிட்டியளே, இது என்ன வேதம்?"

அவர்கள் சத்தமே போடவில்லை. "நாங்க யாரயும் அனுப்பல தம்பி. வேதத்துல இல்லாத பேர நாங்க எப்படிச் சேப்போம்?"

வீட்டுக்கு வந்தால் அக்காவிடமும் வசவு. "ஏல, போயிச் சண்ட போட்டியாமே. சண்ட போட்டா பேரு வந்துருமா?"

அதற்குப் பிறகு அக்கா திருவிருந்து எடுக்கவில்லை. கோயிலுக்குப் போவார்கள், கடைசிப் பெஞ்சில் இருப்பார்கள். அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கிற நேரத்தில் எழுந்து வெளியே வந்து தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நிற்பார்கள். சத்தமாகப் பாடுவதும் நின்றுபோனது. என் பிள்ளை உள்ளே இல்லாத இடத்தில் நான் மட்டும் போய் என்ன சாப்பிடுவது என்பது அவர்கள் எண்ணம். வருடக்கணக்கில் அப்படி நின்றார்கள். சபையில் எல்லோரும் பார்த்தார்கள். ஒருவரும் போய்க் கூட நிற்கவில்லை.

பிறகு வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்றார்கள். அப்போது சபைக்குப் புதிதாக வந்திருந்த குருவானவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அவரிடம் எல்லாவற்றையும் மரியாதையில்லாமல்தான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அக்கா கட்டிலருகே உட்கார்ந்து பேசினார். கோத்திரங்களின் பெயர்கள் வேதத்தில் இடத்துக்கு இடம் மாறி வருகின்றன, சிமியோனை விட்ட இடமும் உண்டு, லேவியை விட்ட இடமும் உண்டு என்றார். கடைசி ஆகமத்து எண்ணிக்கை தேவ ஜனம் முழுவதற்கும் அடையாளம் என்றார். அதற்கு அடுத்தபடியே, உபத்திரவத்திலிருந்து வந்த, எண்ணவே முடியாத கூட்டம் ஒன்று வருகிறது என்றார்.

அக்கா டீச்சர் அல்லவா, கேள்வி கேட்டார்கள். "எசேக்கியேல் ஆகமத்துல கோத்திரங்களுக்கு நிலம் பங்கு வைக்கும்போது முதல் பங்கு தாணுக்குத்தான இருக்கு ஐயா? நிலம் குடுக்கவர் முத்திர ஏன் போடல?"

குருவானவர் சொன்னார்: "தெரியல டீச்சர். நானும் தேடிப் பாத்துட்டேன். ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாங்க."

எல்லாம் தெரிந்தவர்கள் மத்தியில் அக்காவிடம் தெரியாது என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். அக்கா முகத்தில் ஒரு தெளிவு வந்தது. சில நாள் வேதத்தை நெஞ்சில் வைத்தபடியே கிடந்தார்கள். ஒரு காலையில் நான் கஞ்சி கொடுக்கும்போது கரண்டியைத் தள்ளிவிட்டுப் பேசினார்கள். பைய, மூச்சு வாங்கி வாங்கி.

"ஏல, முத்திர போட்டவனுக்குக் காவல் உண்டு. தாணுக்குக் காவல் இல்ல. அவன் எல்லா அடியும் பட்டு நடந்து வருதான். களச்சு வாரவனுக்குத்தான் முதல் பங்கு ஒதுக்கி வச்சிருக்காரு. எம்புள்ளைக்கும் காவல் இல்லல்லா. ஆத்துல ஒருத்தரும் கை குடுக்கல. ஆனா வந்து சேந்திருப்பாம்லே."

அது சரியான வியாக்கியானமா என்று எனக்குத் தெரியாது. குருவானவரிடமும் கேட்கவில்லை. அந்த வாரம் அவர் வீட்டுக்கே திருவிருந்து கொண்டுவந்தார். அக்கா எடுத்தார்கள். அப்பத்தை விழுங்க முடியாமல் விழுங்கி, செல்வின் பெயரைச் சொல்லி அழுதார்கள். அழுகையெல்லாம் தீர்ந்தது என்று எழுதினால் அது பொய். கடைசி வரை அழுதார்கள். ஆனால் சாப்பிட்டு அழுதார்கள்.

போவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வேலை கொடுத்தார்கள்.

"அந்தச் சீட்டத் திரும்பப் போடச் சொல்லுலே."

"எக்கா, நான் அந்த டப்பாவையே ஆத்துல எறியணும்னு இருக்கேன்."

"கழுத. நான் சொல்லுதத செய்யி. தாண் விழுந்த வீட்டுக்குக் காவல் கெடையாது. அப்ப காவலுக்கு யாரு போணும்? மத்த பதினோரு வீடும் போணும்."

அக்கா செல்வினுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். நோயில் கிடந்தபோது துணி துவைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும், ஊசி போட வீடு தேடி வந்த நர்ஸ் அம்மாவுக்கும், தெரியாததைத் தெரியாது என்று சொன்ன குருவானவருக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த அக்காவின் பழைய மாணவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஜெபக்குழுவும் அடக்கத்துக்கு வந்தது, பாடியது. அதற்கும் நன்றி.

குழுவுக்கு அக்கா சொன்னதை இங்கே எழுத்தில் வைக்கிறேன். வாயால் சொன்னால் நான் கத்திவிடுவேன். வருகிற புத்தாண்டில் தாண் சீட்டை டப்பாவில் போடுங்கள். அது யார் கையில் வருகிறதோ, அந்த வீட்டுக்கு மறுநாள் காலையிலேயே எல்லோரும் போங்கள். துக்கம் வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்னால். அந்த வீட்டுப் பெண் கோயிலிலிருந்து எழுந்து வெளியே போனால், நீங்களும் எழுந்து அவளோடு போய் நில்லுங்கள்.