அடிப்பக்கத்தில் பட்டுத் திரும்பிய கதிர்

லேசரால் கண்ணாடி வெட்டும் தொழிலில் இருக்கிறேன் என்றால், அடையாறில் அக்கம்பக்கத்தார் ஜன்னல் அளவு கொடுக்கிறார்கள். நான் செய்வது, அந்தக் கதிரைக் கண்ணாடிக்குள் ஒரு புள்ளியில் குவிக்கும் லென்ஸை வடிவமைப்பது. இதே பிழைப்பில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும், நம் கணக்கை நம்பி மெஷின் பக்கத்தில் நிற்பவர் வேறொருவர்.

வெட்டியது தெரியவில்லை

தி. நகர் கைக்கடிகாரக் கடைக்காரர் ஒருவர் மாதிரி பார்க்க வந்தார். எங்கள் மெஷினை ஓட்டும் சலீமா வெட்டிய கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு கோடுகூட இல்லை. சலீமா லேசாக அழுத்தியதும் இரண்டாகப் பிரிந்தது. கடைக்காரருக்குத் திருப்திதான், ஆனாலும் சொன்னார்: "கண்ணுக்கே தெரியாத வேலைய எப்படி தம்பி நம்புறது?"

ஐந்து நிமிடம்

புது லென்ஸுக்குச் சோதனை. கண்கவசம் போட்டால் விளிம்பு மங்கலாகத் தெரிகிறது, கழற்றட்டுமா என்று சலீமா கேட்டார். லேசரின் சக்தி குறைவுதான், கழற்றலாம் என்றேன். மேல்பக்கத்தில் பட்டுத் திரும்பும் கதிர் எங்கே போகும் என்று கணக்குப் போட்டிருந்தேன். கண்ணாடியாயிற்றே, அடிப்பக்கத்திலும் பட்டுத் திரும்பும். அதை விட்டுவிட்டேன்.

ஐந்தே நிமிடம். வலது கண்ணைக் கசக்கினார், இடது கண்ணைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "இன்னா சார் இது, உங்க மூக்கு மட்டும் தெரில."

கையெழுத்து

வலது கண் பார்வையின் நடுவில் விழுந்த கரும்புள்ளி இனி மறையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேனேஜர் அறிக்கை எழுதினார்: கவசம் அணியாதது பணியாளரின் கவனக்குறைவு. நான் கையெழுத்துப் போட்டால் சலீமாவுக்கு வேலையும் இல்லை, வைத்தியத்துக்கு நிறுவனம் பொறுப்பும் இல்லை.

காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் திரிந்தேன். பயம்தான், வேறென்ன! மூன்றாம் நாள், கழற்றச் சொன்னது நான், கணக்கில் தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "உன் வேலைக்கு நீயே வேட்டு வெச்சுக்கிறியே, யோசிச்சியா?"

திருவல்லிக்கேணியில்

சலீமாவின் வேலை தப்பியது, சிகிச்சையும் நிறுவனத்தின் பொறுப்பாயிற்று. சொல்ல அவர் வீட்டுக்குப் போனேன். நன்றி சொல்வார் என்று ஒரு நப்பாசை. அவர் அம்மா டீ கொண்டுவந்து வைத்தார். காகிதத்தோடு இரண்டு நாள் திரிந்ததையும் மறைக்காமல் சொன்னேன். சலீமா தலையைச் சற்றே திருப்பி, இடது கண்ணால் என் முகத்தைத் தேடிப் பிடித்தார்.

"இத எழுத உங்களுக்கு ரெண்டு நாளு ஆச்சா சார்?"

நாம் தப்புக் கணக்குப் போட்டால் ரப்பரால் அழித்துவிட்டுத் திரும்பப் போடலாம், தொழில் நண்பர்களே, மெஷின் பக்கத்தில் நிற்பவர்களுக்குத்தான் அந்த வசதி இல்லை.