சுவரில் தட்டிய அசைகள்

என் நாத்தனார் பக்கத்து வீட்டுப் பையனுக்குச் சுவர் வழியாகச் சேதி அனுப்புகிறாள் என்றுதான் அப்போது எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். ஆம்பூரில் எங்களுக்கும் அந்த வீட்டுக்கும் ஒரே சுவர். ஷூ கம்பெனியிலிருந்து திரும்பியதும் அவள் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு அந்தச் சுவரில் சாய்ந்து உட்காருவாள். உதடு முணுமுணுக்கும், விரல்முட்டி சுவரைத் தட்டும். சில சமயம் மூன்று தட்டு, சில சமயம் இரண்டு. மாமியார் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கவனிப்பார்.

“ரெண்டு தட்டுனா மாடிக்கு வான்னு அர்த்தமா இருக்கும்.”

அவளை வேலையிலிருந்து நிறுத்திவிடலாம் என்று என் கணவர் சொல்லத் தொடங்கியிருந்தார். திருப்பத்தூரில் ஒரு வரனும் பேச்சில் இருந்தது.

ஒரு மாலை மாமியார் பொறுக்கமுடியாமல் பக்கத்து வீட்டுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். அந்த வீட்டம்மா முந்திக்கொண்டார். “நானே வரலாம்னு இருந்தேன். எம் பையனைக் கேட்டா எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அல்லா மேல சத்தியம் பண்றான். உங்க பொண்ணால ஒரே பேஜார்மா.”

இருவரும் சேர்ந்து வந்து அவள் முன்னால் நின்றார்கள்.

“இன்னாடி தட்டற? யாருக்கு?”

“பிரெஞ்சு வெர்ப்மா. ஆன்லைன் கிளாஸ்ல தட்டித் தட்டிப் பிரிச்சு சொல்லச் சொல்றாங்க.”

தட்டிக் காட்டினாள். ‘வேலை செய்கிறோம்’ என்பதற்கு த்ரா-வா-யோன், மூன்று அசை. ‘வேலை செய்கிறார்கள்’ என்பதற்கு த்ரா-வாய், இரண்டே. எழுதும்போது அதன் கடைசியில் இன்னும் சில எழுத்துகள் உண்டு, சொல்லும்போது வராது.

“எழுதிட்டு ஏன்டி முழுங்கறாங்க?” என்றார் மாமியார்.

“அந்த பிரெஞ்சுக்காரங்க ஷூ ஆர்டர் குடுக்கும்போதும் பாதிய முழுங்கறாங்கன்னுதான் தோல் வியாபாரம் பண்ற எங்க வீட்டுக்காரர் சொல்றாரு,” என்றார் பக்கத்து வீட்டம்மா. எல்லோரும் சிரித்தோம்.

அவர்களுக்குத் தீர்ந்த சந்தேகம் எனக்கு அங்கேதான் தொடங்கியது. மாடியில் உலர்ந்த துணிகளை எடுக்கும்போது கேட்டேன். “கம்பெனிக்கு வர்ற பிரெஞ்சுக்காரங்க இங்கிலீஷ்லதானே பேசறாங்க? உனக்கு எதுக்கு இவ்ளோ?”

புடவையின் மறுமுனையைப் பிடித்தபடியே சொன்னாள். “அவங்க ஊர் ஆபீஸ்ல ஒரு வேலை இருக்கு அண்ணி. போன்ல பேச வெச்சுப் பார்ப்பாங்க. அண்ணனுக்கு இப்ப தெரிஞ்சா திருப்பத்தூர்தான் முடிவாவும்.”

நாங்கள் புடவையை மடித்து முடித்தோம். நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்தத் தொலைபேசி அழைப்பு வந்த நாளில் அவள் அறைக்கதவு சாத்தியிருந்தது. மாமியார் எழுந்து போனார்.

“கிளாஸ் நடக்குது அத்தை,” என்றேன்.

அவர் என்னையே சற்று நேரம் பார்த்தார், பிறகு உட்கார்ந்தார்.

வேலை கிடைத்தது. கணவர் பல நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் விமான நிலையத்தில் அவள் பெட்டியை அவரேதான் தூக்கி வந்தார்.

இப்போதெல்லாம் நான் அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் மாமியார் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, நானும் தட்டத் தொடங்கிவிடுவேனோ என்று என் விரல்களைப் பார்க்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் அந்தப் பையன் மனைவியோடு இருக்கிறான். இந்தப் பக்கம் நாங்கள் மூவர் இருக்கிறோம்.