ஏழாவது கேள்வி

என் தங்கைக்குத் தொழில் எதுவும் இல்லை என்று நான் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆய்வு முடிந்ததும் படிவங்களைக் கட்டி ஒப்படைத்துவிடுவதுதான் வழக்கம். அந்த ஒன்றை மட்டும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். நான்காக மடித்த தாள். மேலே ஊர்ப் பெயர், செட்டியார்பட்டி. குடும்பத் தலைவர் என்ற இடத்தில் தங்கையின் கணவர் பெயர். ஏழாவது கேள்வி, ‘தங்கள் தொழில் யாது?’ அதற்கு எதிரே, முப்பது ஆண்டுகள் விடைத்தாள் திருத்திப் பழகிய நிதானமான கையெழுத்தில், நீல மையில், ‘இல்லை’ என்ற ஒரு சொல். சென்ற கார்த்திகையில் அவள் இறந்தாள். அதற்குப் பிறகு அந்தத் தாளை ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். எழுத்துப்பிழை எதுவும் இல்லை.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருந்து, கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன். ஓய்வு பெற்ற பிறகு, ராஜபாளையத்துத் தொழில்துறையினரும் அரசு அலுவலர்களும் சேர்ந்த ஒரு குழு என்னிடம் ஒரு பணியை ஒப்படைத்தது. நூற்பாலைகளையும் பேண்டேஜ் துணித் தறிகளையும் நைட்டித் தையலையும் நம்பி வாழும் இந்த வட்டாரத்தில், வரும் ஆண்டுகளில் வேலை பெருகுமா, சுருங்குமா, உழைக்கும் கைகள் எங்கே அதிகம், எங்கே குறைவு என்று ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும். இத்தகைய அறிக்கைகள் பெரும்பாலும் அலமாரிக்குப் போய்ச் சேரும். ஆனால் இந்த அறிக்கையை நம்பி ஒரு காரியம் காத்திருந்தது. பெண்கள் பொதுவில் பயன்படுத்திக்கொள்ள ஒரு தையல் கூடம் அமைக்கப்பட இருந்தது. தைத்த துணியின் ஓரம் பிரியாமல் அடித்துக் கொடுக்கும் ஓவர்லாக் மெசின்கள், வெட்டு மேசை, இஸ்திரி வசதி எல்லாம் அதில் இருக்கும். கூடம் ஒன்றே ஒன்றுதான். ராஜபாளையத்துக்குத் தெற்கே செட்டியார்பட்டியா, ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த வன்னியம்பட்டியா, தைக்கிற பெண்கள் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் அது போகும்.

செட்டியார்பட்டி என் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊர். அவள் வெட்டிய துணியைக் கட்டாக வாங்கி வந்து, வீட்டிலேயே நைட்டி தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தெருவில் இன்னும் ஐந்தாறு பெண்கள் அவளோடு சேர்ந்து தைத்தார்கள். ஓவர்லாக் மெசின் மட்டும் அவர்களிடம் இல்லை. அதற்காக மூட்டையைப் பேருந்தில் ஏற்றி ராஜபாளையம் போய், யாரோ ஒருவரின் மெசின் காலியாகும்வரை காத்திருந்து திரும்புவதற்குள் ஒரு பகல் போய்விடும். துணி கொடுக்கும் வியாபாரியோ, தீபாவளிக்குப் பிறகு ஓவர்லாக் வரை முடித்துத் தருகிறவர்களுக்கு மட்டுமே துணி என்று சொல்லிவிட்டார். கூடம் வராவிட்டால் அவர்கள் தையல் அந்தத் தீபாவளியோடு நின்றுபோகும். இது எனக்குத் தெரியும். கூடம் எங்கே வரும் என்பது என் ஆய்வைப் பொறுத்தது என்பது அவளுக்குத் தெரியாது. சொல்வது முறையாகாது என்று கருதி நான் சொல்லவில்லை.

ஆய்வுக்குரிய வீடுகளைக் குலுக்கலில் எடுத்தோம். அவள் வீடும் வந்தது. உறவு என்பதற்காக விலக்குவதும் ஒருவகைச் சாய்வுதான் என்று எண்ணி நானே போனேன். முன்னறையில் தைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் மோட்டாரை நிறுத்தினாள். ஆனால் கால் பெடலிலேயே இருந்தது. ஒரு கை பொருத்தப்பட்ட, மறு கை இன்னும் பொருத்தப்படாத நைட்டி ஊசிக்கடியில் கிடந்தது. தலைமுடியில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. நான் படிவத்தை விரித்து, அச்சிட்டிருந்த தமிழிலேயே கேட்டேன். ஏழாவது கேள்வி வந்ததும் அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“என்னண்ணே, கோர்ட்டுல கேக்குற மாதிரி கேக்கிய? நான் சும்மாதான இருக்கேன். அவிய மில்லுக்குப் போறாவ.”

நான் ‘இல்லை’ என்று எழுதினேன். பதில் சொல்பவர் சொன்னதை மட்டுமே பதிய வேண்டும், நம் ஊகத்தைக் கலக்கக் கூடாது என்பது நான் தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்குக் கற்பித்த முதல் விதி. அன்று மாலை பேருந்தில் ஊர் திரும்பும்போது, உடன்பிறந்தவள் என்பதற்காக ஓர் எழுத்தைக்கூட வளைக்கவில்லை என்ற நிறைவு எனக்கு இருந்தது. அந்த நிறைவை நினைக்கும்போது இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

படிவங்களைத் தொகுத்தபோது செட்டியார்பட்டிப் பெண்களில் மிகப் பலர் ‘சும்மா’ இருந்தார்கள். என் உதவியாளர்களும் என்னிடம் பயின்றவர்கள்தாம். அவர்களும் விதி தவறவில்லை. வன்னியம்பட்டியில் அண்மையில் ஒரு தையல் பயிற்சி வகுப்பு நடந்திருந்தது. ஆகவே அங்கே பலரும் ‘டெய்லரிங்’ என்று ஆங்கிலப் பெயரோடு பதில் சொன்னார்கள். பெயர் இருந்ததால் தொழிலும் இருந்தது. ‘தெற்குப் பகுதியில் பெண்கள் உழைப்பில் பங்கேற்பது குறைவு, எதிர்காலத்திலும் இந்நிலை தொடரும்’ என்று வரைவு அறிக்கையில் எழுதினேன். கூடத்துக்கு வன்னியம்பட்டியைப் பரிந்துரைத்தேன். வாக்கியங்கள் நன்றாக அமைந்திருப்பதாகவே எனக்குத் தோன்றியது.

அறிக்கையை ஒப்படைக்க இரண்டு நாள் இருந்த ஒரு சனிக்கிழமை காலை, உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் வந்த தங்கை என் வீட்டுக்கும் வந்தாள். நான் குளித்துவிட்டு வருவதற்குள் மேசைமேல் கிடந்த வரைவை எடுத்து வாசித்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிப்பவள் அவள்தான். ஒரு சொல்லையும் விட்டுவிட மாட்டாள். வரிமேல் விரலை வைத்துக்கொண்டே நிமிர்ந்தாள்.

“செட்டியார்பட்டிப் பொம்பளைய அம்புட்டுப் பேரும் பாய விரிச்சுப் படுத்துக் கெடக்கோம்னு எழுதியிருக்கியளே அண்ணே?”

“நீதான சும்மா இருக்கேன்னு சொன்ன?”

“பின்ன என்ன சொல்ல? மில்லுக்குப் போறவ வேலைக்குப் போறவ. வீட்டுல உக்காந்து தைக்கிறத எவளாவது வேலைன்னு சொல்லுவாளா? அது தையல்.”

“பதில் சொல்றவங்க வாயில நாம வார்த்தையப் போடக் கூடாது. அது முறை.”

“வாயில போட வேண்டாம். காலுக்குக் கீழ மெசின் கெடந்துச்சே, அதக் கண்ணால பாக்கக் கூடாதுன்னும் ஒங்க முறையில இருக்கா?”

எத்தனையோ கருத்தரங்குகளில் என் கட்டுரைகளை மறுத்துப் பேசியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் என்னிடம் விடை இருந்தது. இப்போது ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு நின்றேன். அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அங்கேதான் பரிந்துரை இருந்தது. வரியின் கடைசிவரை விரலை ஓட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “அப்ப மெசினு வன்னியம்பட்டிக்கா?” என்று கேட்டாள். நான் ஆம் என்றேன். தாள்களின் ஓரங்களைச் சமமாகத் தட்டி, துணியை அடுக்குவதுபோல் அடுக்கி, இருந்த இடத்திலேயே வைத்தாள். அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே, வேறு எப்படித்தான் கேட்டிருக்க வேண்டும் என்று நான் கேட்டேன். ஒரு மாணவன் கேட்பதுபோல்தான் கேட்டேன்.

“நேத்து எத்தன பீஸ் அடிச்சன்னு கேளுங்க. எவளும் மறைக்க மாட்டா. பக்கத்து வீட்டுக்காரி பதினஞ்சுன்னா இவ பதினாறும்பா. ஒண்ணு ரெண்டக் கழிச்சுக்கிட்டு எழுதிக்கிடுங்க.”

திங்கட்கிழமை ராஜபாளையத்தில் குழு கூடியது. நான் அறிக்கையைக் கொடுக்கவில்லை. கேள்வி தவறாக அமைந்துவிட்டது, அதனால் எண்ணிக்கையும் தவறு என்றேன். தவறான படிவங்களில் ஒன்று என் சொந்தத் தங்கை வீட்டுடையது என்பதையும், அதை நிரப்பியவன் நானே என்பதையும் மறைக்காமல் சொன்னேன். நூற்பாலை உரிமையாளர் ஒருவர், “சாருக்குத் தங்கச்சி ஊரு மேல இப்பத்தான் பாசம் வந்திருக்கு போல” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் ஐயப்பட்டதில் தவறில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் ஐயப்பட்டிருப்பேன். ஆகவே மறு ஆய்வை வேறொரு கல்லூரியின் ஆசிரியர் நடத்தட்டும், இரண்டு ஊரிலும் ஒரே கேள்வியைக் கேட்கட்டும், முடியும்வரை நான் அந்த இரண்டு ஊருக்கும் போக மாட்டேன் என்றேன். இன்னோர் உறுப்பினருக்குக் கேள்வியின் மொழிதான் உறுத்தியது. ‘பீஸ் அடித்தீர்கள்’ என்று அச்சில் எப்படிப் போடுவது? ‘எத்தனை ஆடைகளைத் தைத்து நிறைவு செய்தீர்கள்’ என்று வைக்கலாமே? அப்படிக் கேட்டால் மறுபடியும் சும்மா இருக்கிறோம் என்றுதான் சொல்வார்கள் என்றேன். தலைமை வகித்த பெரியவர் வீட்டில் தெலுங்கு பேசுபவர். வாய்விட்டுச் சிரித்து, “அட்லானே ராயண்டி” என்றார். அப்படியே எழுதுங்கள் என்று பொருள்.

மறு ஆய்வு சில வாரங்கள் நடந்தது. இரண்டு ஊரிலும் நடக்கிறது என்பதை மட்டும் தங்கையிடம் சொல்லியிருந்தேன். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் தங்கை எனக்குப் போன் செய்வாள். மழை பெய்ததா, முட்டு வலி எப்படி இருக்கிறது என்று விசாரிப்பாள். கூடத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதே கேள்வி வன்னியம்பட்டிக்கும் போயிருக்கிறது, அங்கேயும் எண்ணிக்கை கூடலாம், முடிவு முன்புபோலவே அமையலாம் என்பது இருவருக்கும் புரிந்தே இருந்தது. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. வாழ்நாளெல்லாம் முடிவுகளுக்காகப் பொறுமையாகக் காத்திருந்தவன் நான். அந்த வாரங்களில் மட்டும் தபால்காரரை வாசலில் நின்று எதிர்பார்த்தேன்.

எண்ணிக்கை இரண்டு ஊரிலும் கூடியது. ‘டெய்லரிங்’ என்ற சொல் தெரியாமல் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த பெண்கள் வன்னியம்பட்டியிலும் இருந்தார்கள். நேற்றைய பீஸ் கணக்கைச் சொல்வதில் இரண்டு ஊரின் பெருமையும் ஒன்றாகவே இருந்தது. எந்த ஊரையும் விட்டுவிட முடியாது என்று கண்ட குழு, மெசின்களை இரண்டாகப் பிரித்துச் சிறிய கூடங்களாக வைத்தது. செட்டியார்பட்டிக் கூடம் தீபாவளிக்கு முன்பே தேவாலயத்துத் தெருவில், சரக்கு வைக்க ஆளின்றி வெறுமனே கிடந்த ஒரு கிட்டங்கியில் அமைந்தது. குழுவின் முடிவைப் போனில் சொன்னதும் தங்கை மகிழ்வாள் என்று எதிர்பார்த்தேன்.

“கேள்வி என்னோடது. பாதி மெசினு வன்னியம்பட்டிக்காரிக்கா? நல்லாருக்கே ஒங்க நியாயம்!” என்றாள். கூடம் தொடங்கிய நாள் காலை, பூட்டைத் திறக்கும் முன்பே மூட்டையோடு வாசலில் போய் உட்கார்ந்திருந்தாளாம்.

அதன்பின் ஆண்டுக்கணக்கில் அந்தக் கூடம் ஓடிக்கொண்டே இருந்தது. இப்போது அதே குழு மறுபடியும் என்னிடம் இந்த வட்டாரத்தின் வருங்கால வேலைவாய்ப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கிறேன். நூற்பாலைகளில் முன்பு பலர் நின்ற இடத்தில் ஒருவர் நிற்கிறார். அந்த ஒருவரும் பல நேரம் வடக்கிலிருந்து வந்த இளைஞர். ஷிப்டு விடும் நேரத்தில் தேநீர்க் கடைகளில் இந்தி கேட்கிறது. பேண்டேஜ் துணிக்கு ஆர்டர் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. விலை குறைந்த நைட்டிகள் வெளியூர்களிலிருந்து வந்து குவிகின்றன. ஆனால் செட்டியார்பட்டிப் பெண்கள் செல்பேசியில் படம் அனுப்பி, நான் பெயர் கேட்டிராத ஊர்களுக்கெல்லாம் பார்சல் அனுப்புகிறார்கள். பட்டம் பெற்ற பெண்கள் மெசினில் உட்கார விரும்பவில்லை. அவர்களில் இருவர் அந்தப் பார்சல் வேலையை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லாம் சிறக்கும் என்று நான் எழுதப் போவதில்லை. ஆனால் இந்த ஊர்கள் தங்களுக்கான வேலையைத் தாங்களே உண்டாக்கிக்கொள்ளும் என்று எழுதும்போது என் மனம் அமைதியாகவே இருக்கிறது. இந்த வட்டாரத்தின் எதிர்காலத்தை மகிழ்ச்சியோடு எழுதுவது எனக்கு இதுவே முதல்முறை. வரைவை வாசித்துப் பார்க்க அவள் இல்லை.

அவள் இறந்தது கிறிஸ்துமஸ் ஆர்டர் நெருங்கிய வாரத்தில். அடக்கத்தன்று காலை, அவளோடு தொடக்கம் முதல் தைத்த பெண் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். தங்கையின் கணவர் பேசும் நிலையில் இல்லாததால் என்னிடம் கேட்க வந்திருந்தார்.

“அண்ணாச்சி, தப்பா நெனைக்காதிய. கூடத்தப் பூட்டியிருக்கோம். நாளைக்குச் சரக்க லாரியில ஏத்தணும். அடக்கம் முடிஞ்ச பொறவு செத்த நேரம் மெசின ஓட்டட்டுமா? அக்கா இருந்தா, பூட்டினதுக்கே வைவாவ.”

“ஓட்டுங்க” என்றேன்.

கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் கலைந்த பிறகு சற்று நேரம் நின்றிருந்தேன். திரும்பி வருகிற வழியில்தான் கூடம். ஓவர்லாக் மெசினின் சத்தம் சாதாரணத் தையல் மெசினின் சத்தம்போல விட்டுவிட்டுக் கேட்காது. கரகரப்பாக, ஒரே சீராக இருக்கும். தெரு முனையிலேயே அது கேட்டது. கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. வாசலில் செருப்புகள் கிடந்தன. நின்று எண்ணினேன். பதினொரு ஜோடி. யாரையும் எதுவும் கேட்காமல் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன்.