மூன்று கோட்டுச் சூடு

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் வேலந்தாவளம் சந்தையில், மாட்டின் தொடையில் உள்ள சூட்டுத் தழும்பைப் பார்த்தே அது எந்த ஊர் மாடு, எதற்காகச் சுட்டார்கள் என்று சொல்லும் தரகன் என்னை விட்டால் கிடையாது. வெறுங்கையோடு வந்தவன் வீடு கட்டி, தோப்பு வாங்கியதெல்லாம் இந்தக் கண்ணை வைத்துத்தான். சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை.

அப்பேர்ப்பட்ட நான் அன்று காலை இட்லியைத் தொடாமலே எழுந்துவிட்டேன். சித்தூர் காலேஜில் படித்த என் மருமகள் கொரியாவில் மேற்படிப்புக்கு இடம் கேட்டிருந்தாள். பத்து மணிக்குக் கம்ப்யூட்டரில் நேர்காணல். இது தவறினால் அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். அவள் பேசவேண்டியது, சீன எழுத்துகள் கொரியாவுக்குப் போய் அந்த ஊர் அர்த்தம் எடுத்துக்கொண்டது பற்றி.

முந்தின வாரமே எனக்கு விளக்கியிருந்தாள். “சீனாவுல ‘ரொம்பப் பெருசு’ன்னு ஒரு எழுத்துங்க மாமா. கொரியாக்காரங்க அதைச் சோயாப் பயறுக்கு வெச்சுக்கிட்டாங்க. இன்னொண்ணு, சீனாவுல பொம்பளைங்க பேருல மட்டும் வர்றது. கொரியாவுல அதுக்குப் புருசன் ஊடுன்னு அர்த்தம்.”

“புருசன் ஊட்டுப் பேச்சை அங்க எதுக்கு அம்மிணி எடுக்கறே? நாங்க உன்னையப் பாடாப் படுத்தறோம்னு நெனைக்கப் போறாங்க.”

“படுத்தறதையும் சொல்லட்டுங்களா?” என்று சிரித்தாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. மூன்று கோடாகச் சுட்டிருந்தால் எங்கள் பக்கம் அது சுளுக்குக்குச் செய்த வைத்தியம். எல்லை தாண்டிக் கிழக்கே அதே மூன்று கோடு, சாமிக்கு நேர்ந்துவிட்ட காளை. அப்படி ஒரு காளையைத் திருடி ஒருவன் சந்தைக்கு ஓட்டிவந்ததையும், நான் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்து விரட்டியதையும் சொன்னேன். நேர்காணலில் சொல்வதற்கு அவள் ஆசையாக எழுதிக்கொண்டாள்.

நடந்தது அதுவல்ல. வைத்தியத் தழும்பு என்று நம்பி அந்தக் காளையை வாங்கியவனே நான்தான். ஏரிலும் பூட்டிவிட்டேன். மூன்றாம் நாள் காளையை நேர்ந்துவிட்ட ஊரே திரண்டு வந்தது. காளை முன்னால் கற்பூரம் கொளுத்தி விழுந்து கும்பிட்டபிறகுதான் என்னை விட்டார்கள். வருடக்கணக்காக மாற்றிச் சொன்ன கதை. நேர்காணலில் கொரியா வாத்தியார்கள் துருவிக் கேட்டு இவள் திணறிப்போனால்?

ஒன்பதரைக்குக் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டேன்.

“இப்ப வந்து சொல்றீங்களே மாமா! உங்களுக்கே எப்படித் தெரியாமப் போச்சுங்க?”

“நம்மூருல அதுக்கு அதான அர்த்தம்? வேறொண்ணு இருக்கும்னு தோணவே இல்ல அம்மிணி.”

அவள் தாளில் நாலு வரியை அடித்து, வேகமாக ஏதோ எழுதினாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெளியே நின்றேன். உள்ளே பேசியதில் ஒரு சொல்கூடப் புரியவில்லை. திடீரென்று பலபேர் சிரித்தார்கள். அவளைப் பார்த்துச் சிரிக்கிறார்களா? கதவில் காதை ஒட்டவைத்தேன்.

வெளியே வந்தவளிடம், “என்னாச்சு?” என்றேன்.

“காளையைப் பத்தியே கேட்டாங்க. ஏமாந்தது யாருன்னாங்க. எங்க மாமான்னு சொல்லிட்டேனுங்க.”

“அது கெடக்கட்டும். இடம்?”

“ரெண்டு வாரம் ஆகுமாம்.”

சந்தையில் ஒருவனுக்கும் தெரியாத சங்கதி கடல் தாண்டிப் போய்விட்டது. போகட்டும். இன்றோடு பதினோரு நாள். அவள் போன் அடித்தால் வீட்டில் முதல் ஆளாக எழுந்து ஓடுவது நான்தான்.